‘அக்கா’ என்ற பணியாளரை இடம் மாற்றுவது தொடர்பாக

அனுப்புநர்: மேற்பார்வையாளர், துவைப்பு மற்றும் மடிப்புப் பிரிவு.

பெறுநர்: மனிதவள மேலாளர், தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி, ஏசி அறை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இங்கு நானும், எட்டுத் துவைப்பு இயந்திரங்களில் ஏழும் நலம். அங்கு தாங்களும் தங்கள் அட்டவணைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை ஓர் ஊழியர் என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன். தாங்கள் என் உடன்பிறந்த தம்பி என்பதையோ, மூன்றாம் வகுப்பு வரை தங்களுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார் என்பதையோ இதில் ஓரிடத்திலும் குறிப்பிடப் போவதில்லை.

தங்கள் ஆணை நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. ‘அக்கா என்னும் பணியாளர், சக பணியாளர்களின் நடத்தையிலும் செயல்திறனிலும் அளவுக்கு மீறிய செல்வாக்குச் செலுத்துவது ஆய்வில் உறுதியாகியுள்ளது. எனவே வரும் திங்கட்கிழமை முதல் அவரை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்குத் தனியாக மாற்ற உத்தரவிடப்படுகிறது. மேற்பார்வையாளர் கீழே கையெழுத்திடவும். தவறினால் மேற்பார்வையாளர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அதில் இருந்தது. ஐயா, கையெழுத்துப் போட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி வரை படிக்கும் பொறுமை தங்களுக்குக் கிடையாது. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை மேலே சொன்ன காரணத்தால் சொல்லவில்லை.

தாங்கள் பதவிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் எங்கள் மேல் என்னென்ன செல்வாக்கு இருக்கிறது, அதை எப்படி நிர்வகிப்பது என்று தாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாங்கள் பட்டது அதைவிட அதிகம். முதலில் ரேடியோவை நிறுத்தினீர்கள். பாட்டு கவனத்தைச் சிதறடிக்கிறதாம். நாங்கள் துவைப்பது நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை. துவைத்து உலர்ந்த விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இரண்டு பேர் சூடான இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். இந்த நாலு பேரின் கையும் ஒரே நேரத்தில் நீண்டு ஒரே நேரத்தில் மடங்குவது அந்தப் பாட்டின் தாளத்தால்தான் என்பது ரேடியோ நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒருத்தி முந்த, ஒருத்தி பிந்த, அன்று மதியத்துக்குள் அறுபது விரிப்பு கோணலாகப் போய்ச் சுருங்கி வெளியே வந்தது, அறுபதையும் மறுபடி நனைத்து மறுபடி காயவைத்து மறுபடி உருளையில் விட்டோம், தங்கள் அறிக்கையில் அன்றைக்கு ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிக்கொண்டீர்கள். இயந்திரம் பாவம், அது வாய் பேசாது.

அடுத்து ஊக்க வாசகம் வந்தது. ‘உன்னால் முடியும்’ என்று சிவப்பு எழுத்தில் ஆள் உயரத் தாள். எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்று அதை உருளைக்கு நேர் மேலே ஒட்டச் சொன்னீர்கள். ஆவி அடிக்கிற இடத்தில் பசை எத்தனை நாள் நிற்கும்? மூன்றாம் நாள் தாள் கழன்று விழுந்து, ஒரு விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போய், அந்தப் பக்கம் வரும்போது விரிப்பில் ‘உன்னால் முடியும்’ இடவலம் மாறி அச்சாகியிருந்தது. மடிக்கிறவர்கள் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் மடித்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அது போய்ச் சேர்ந்தது இடுப்பெலும்பு முறிந்து, ஆறு வாரம் அசையவே கூடாது என்று படுக்க வைத்திருந்த ஒரு பெரியவரின் போர்வையாக. அவர் சவரம் செய்துகொள்ளக் கண்ணாடியைக் கையில் பிடித்திருக்கிறார். கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்திருக்கிறது. மனிதர் எழுந்து நின்றுவிட்டார். தலைமைச் செவிலி தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, உங்க வேலை துணி துவைக்கிறது. நோயாளிக்குப் புத்தி சொல்றது இல்ல” என்றார். தங்களுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாள் அதுதான்.

அதற்குப் பிறகு வாசலில் மூன்று பொத்தான் வைத்த பெட்டி. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். உள்ளே வரும்போது மனநிலையைப் பார்த்து ஒன்றை அழுத்த வேண்டும். அழுகிற முகத்தை அழுத்தினால் ஆலோசகர் அம்மையார் தன் ஏசி அறைக்குக் கூட்டிப்போய்க் கால்மணி நேரம் பேசுவார். முதல் நாள் உண்மையிலேயே வருத்தத்தில் இருந்த ஒருத்தி போய்விட்டு வந்து, “நாற்காலி சுத்துதுக்கா, உள்ளே சும்மா ஜில்லுன்னு இருக்கு” என்று சொன்னாள். மறுநாள் முப்பத்தாறு பேர் அழுகிற முகத்தை அழுத்தினார்கள். வரிசை பாய்லர் அறை வரைக்கும் நின்றது, அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள் ஆலோசகரே அழுகிற முகத்தை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை. இதற்கும் எங்கள் பிரிவின் மேல்தான் கரும்புள்ளி.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தப் படிவம். ‘பணியாளர் மீதான செல்வாக்குகளின் மேலாண்மைப் படிவம்.’ மூன்றே கேள்வி. வேலையில் உங்கள் மீது செல்வாக்குச் செலுத்துவது யார் அல்லது எது, அது நல்லதா கெட்டதா, அதை நீங்கள் நிர்வகிக்கும் முறை என்ன. ஐயா, செல்வாக்கு என்ற சொல்லைத் தலைமை அலுவலகம் எந்த அர்த்தத்தில் போட்டதோ தெரியாது, எங்கள் ஆட்கள் தங்களுக்கு யாராவது பெரிய மனிதரைத் தெரியுமா என்று கேட்பதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பாய்லர்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்குச் செல்வாக்கு இருந்தா நான் ஏம்மா இந்த அனல்ல நிக்கப் போறேன்?” என்று கேட்டார். ஒருவர் தூரத்துச் சொந்தத்தில் இருக்கும் ஒரு நகராட்சி உறுப்பினரின் பெயரை எழுதி அடித்துவிட்டார். கடைசியில் நான்தான் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, “உங்க வேலை நல்லா நடக்கறதுக்கோ கெட்டுப்போறதுக்கோ யாரு காரணம்னு தோணுதோ, அந்தப் பேரை எழுதுங்க, அவ்வளவுதான்” என்று விளக்கினேன். எழுதி மடித்துக் கொடுத்தார்கள். மேலே ‘ரகசியம்’ என்று போட்டிருந்ததால் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். நேர்மையாக இருந்ததற்கு இதுதான் பலன்.

முடிவுத் தாளில் முப்பத்தெட்டு பேரில் முப்பத்தொரு பேர் ‘அக்கா’ என்று எழுதியிருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். மற்ற ஏழு பேரில் இருவர் முழங்கால், ஒருவர் பசி, ஒருவர் வெயில், ஒருவர் எட்டாம் நம்பர் இயந்திரம், ஒருவர் வீட்டு எதிரே இருக்கும் தண்ணீர்க் குழாய், ஒருத்தி மாமியார். மாமியாரை நிர்வகிக்கும் முறை என்ன என்ற கேள்விக்கு, ‘வேலைக்கு வந்துவிடுவது’ என்று எழுதியதாக அவளே என்னிடம் சொன்னாள். அந்த ஒரு பதிலைப் படித்திருந்தாலே தங்கள் துறை இந்தத் தொழிற்சாலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் தங்கள் கணினி ‘அக்கா’வைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு முறை ஒரே பெயர், ஆகவே ஒரே ஆள், ஆகவே ஆபத்தான ஆள். ஐயா, தங்களுடைய கணினிக்குத்தான் உடன்பிறப்பு கிடையாது, தங்களுக்குமா? அக்கா என்பது ஒரு பெயரா? ஒருத்திக்கு வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ஒருத்திக்குத் தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்து சண்டை போடும் அக்கா. வண்டி ஓட்டுநருக்குப் பெண் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நாலு வருடமாக இழுத்தடிக்கும் அக்கா. முப்பத்தொரு பேருக்கு முப்பத்தொரு அக்கா. அத்தனை பேரையும் ஒன்றாகப் போட்டு ஒரே சுற்றில் துவைத்து, ஒரு ராட்சசியைப் பிழிந்து எடுத்திருக்கிறீர்கள்.

இந்த ராட்சசியைக் கண்டுபிடிக்க முந்தாநாள் ஓர் அதிகாரியை அனுப்பினீர்கள். கையில் டேப் என்ற தொடுதிரைக் கணினியை வைத்துக்கொண்டு எதைப் பார்த்தாலும் தட்டிக்கொண்டிருந்த அவருக்கு எங்கள் ஆட்கள் ‘தட்டுக்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் வந்த நேரம் நான் பின்னால் பாய்லர்காரருடன் ஆவி அழுத்தம் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன். தட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்று உரக்க, “இங்க அக்கா யாரு?” என்று கேட்டிருக்கிறார். இருபது பேர் ஒரே நேரத்தில் “என்ன?” என்று திரும்பியிருக்கிறார்கள். “ஒரு அக்காதான் வேணும்” என்றிருக்கிறார் அவர். “எந்த அக்கா சார்? உருளை அக்காவா, மடிப்பு அக்காவா, கேன்டீன் அக்காவா?” என்று வண்டி ஓட்டுநர் கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மூன்று பேர் மூன்று கிழிந்த விரிப்போடு “தையல் அக்கா, தையல் அக்கா” என்று கூப்பிட்டபடி மூலைக்கு ஓடியிருக்கிறார்கள். தட்டுக்காரர் டேப்பில் தட்டிவிட்டார். ஒரு மனிதப் பிறவியின் தலையெழுத்து அவ்வளவு சுலபமாக எழுதி முடிந்தது.

தையல் அக்காவைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாகக் கூடத்தின் ஜன்னல் ஓரத்தில், கிழிந்த விரிப்பையும் தலையணை உறையையும் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூச்சிரைப்பு உள்ளவர், அதனால்தான் ஜன்னல். அந்த அழுக்கு அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு மருத்துவமனைகளின் இரத்தமும் வாந்தியும் மருந்தும் ஒட்டிய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. நல்ல மூச்சு உள்ளவர்களே முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே ஓடி வருகிறார்கள். அங்கே இவரைத் தனியாக எட்டு மணி நேரம் போட்டால் ஒரு வாரம் தாங்க மாட்டார், வேலையை விட்டுவிடுவார், இல்லை அதைவிட மோசமாக ஏதாவது ஆகும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

ஆணையை நான் அவருக்குக் காட்டவில்லை. தட்டுக்காரரே ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்று மதியம் தையல் அக்கா அந்த நகலோடு என்னிடம் வந்தார். “என் பேருகூட இதுல இல்லையே. அக்கான்னுதான் போட்டிருக்கு” என்றார். அச்சுப் பிழை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “நான் யார் மனசையாவது கெடுத்துட்டேனா? ஏதாவது சொல்லியிருப்பேனோ?” என்று கேட்டுவிட்டு, பத்தொன்பது வருடத்தில் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். பிறகு போய், பாதியில் இருந்த ஒரு தலையணை உறையைத் தைத்து முடித்து, இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, உறை போட்டு மூடினார். மணி அப்போது மூன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் யாராவது அந்தப் பெட்டியில் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள் என்று அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். எனக்கு அது கைவந்த கலை என்பது உனக்குத் தெரியும்.

ஆமாம், ‘உனக்கு’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. ஏன்டா, செயல்திறனை உயர்த்துகிறேன் என்று மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் கீழே வந்து உருளைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? வேலை செய்கிறவர்களை எதெது பாதிக்கிறது என்று கேட்டு முப்பத்தெட்டு தாள் அச்சடித்தாய். நான் தாளில்லாமல் சொல்கிறேன், கேட்டுக்கொள். எட்டாம் நம்பர் இயந்திரம் ஏழு மாதமாக ஓடவில்லை. மடிப்பு மேசை இரண்டு அங்குலம் தாழ்வு, அதனால்தான் மாலையானால் அத்தனை பேரும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் விடுப்பு போடுகிறீர்கள், அந்தப் பயத்தில் ஒருத்தி ஓடும் பேருந்திலிருந்து குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். தாளில் முழங்கால் என்று எழுதிய இருவரில் ஒருத்தி அவள்தான். இதையெல்லாம் நிர்வகிக்க ஆள் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறவளை நிர்வகிக்க மட்டும் ஓர் ஆணை, ஓர் அதிகாரி, ஒரு டேப்.

ஆகவே கேள். தையல் அக்கா ஜன்னலைவிட்டு நகர மாட்டார். அவருடைய இயந்திரத்தைத் தூக்க ஆள் அனுப்பினால், அதன் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். என் எடை உனக்குத் தெரியும், நாலு ஆளாக அனுப்பு. ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டுகிறாயே, எடு. மெமோ கொடு, விளக்கம் கேள், இருபத்திரண்டு வருட வேலைக்கு ஒரு விளக்கம் என்ன, இருபத்திரண்டு விளக்கம் எழுதித் தருகிறேன், ஒவ்வொன்றும் இந்தக் கடிதம் நீளம் இருக்கும், உட்கார்ந்து படி. அந்த ‘அக்கா’ யார் என்று உன்னால் நிரூபிக்க முடியாது, உன் கணினியாலும் முடியாது. எங்கள் பிரிவில் அப்படி ஒருத்தி கிடையாது. இது என் இறுதி முடிவு.

நீயும் உன் பதவியும் பல்லாண்டு நன்றாக இருங்கள், பதவியைவிட நீ கொஞ்சம் அதிகமாக. இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாக உன் மனைவியிடம் சொல். சின்னவளுக்கு என் முத்தம். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையை வெந்நீரில் போட வேண்டாம், சாயம் போய்விடும், இதைத் துறை சார்ந்த ஆலோசனையாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத,
மேற்பார்வையாளர்.

பின்குறிப்பு: உறையில் போடும் முன், எல்லோருக்கும் தைரியம் வரட்டும் என்று தேநீர் இடைவேளையில் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். முப்பத்தொரு பேருக்கு முப்பத்தொரு அக்கா என்ற இடம் வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரைத் துப்பினார்கள். உருளை அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள். “அக்கா, எங்க எல்லாருக்கும் முன்னால ஒரு பேர் இருக்கு. நான் உருளை அக்கா, அவங்க தையல் அக்கா. முன்னால ஒண்ணும் இல்லாம வெறும் அக்கான்னா இங்க நீங்க ஒருத்தர்தானே?” என்றாள். நான் நம்பவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் மேற்பார்வையாளர் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதென்று தட்டுக்காரர் இன்று காலைதான் படிவக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார். ரகசியமாவது மண்ணாவது என்று பிரித்துப் படித்தேன். ‘அக்கா பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தால் கை தானாக வேகமாகப் போகும்.’ ‘அக்கா திட்டாத நாளில் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலை, வேலை ஓடாது.’ பாய்லர்காரர் நிர்வகிக்கும் முறையாக, ‘காது கேட்காத மாதிரி இருப்பது’ என்று எழுதியிருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்த தையல் அக்காவும் ‘அக்கா’ என்றே எழுதி, நல்லது என்ற கட்டத்தில் கோடு போட்டு, நிர்வகிக்கும் முறை ‘தேவையில்லை’ என்று முடித்திருக்கிறார்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. அப்படி ஒருத்தி இருக்கிறாள். தையல் அக்காவை அந்த ஆணையிலிருந்து இன்றே விடுவித்துவிட்டு, அழுக்கு அறைக்கு என்னை அனுப்பு. இயந்திரத்தின் உறையை அவரே கழற்றிவிட்டார், தைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் அங்கே தனியாக இருப்பேன் என்று எதிர்பார்க்காதே. முப்பத்தெட்டு பேரும் கூட வருவதாகச் சொல்கிறார்கள், ரேடியோவையும் எடுத்துக்கொண்டு.

முப்பத்தெட்டு தாளுக்குக் கீழே முப்பத்தொன்பதாவதாக ஒன்று இருந்தது. படிவம் சரியாக வருகிறதா என்று மாதிரிக்கு நீயே முதலில் எழுதிப் பார்த்த தாள் போலிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? உன் மீது செல்வாக்குச் செலுத்துபவர்: அக்கா. நல்லதா, கெட்டதா: இரண்டு கட்டத்திலும் கோடு. நிர்வகிக்கும் முறை: ‘நாற்பது வருடமாக முயற்சி நடக்கிறது.’ மற்ற எதிலும் போடவில்லை. இந்த ஒரு தாளில் மட்டும், மேற்பார்வையாளர் என்று இருக்கும் இடத்தில், என் முழுக் கையெழுத்தையும் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.